மூத்த மாப்பிள்ளை, இளைய மாப்பிள்ளை

பெரியம்மா கடைசியாகக் காபி குடித்துப் பதினெட்டு மணி நேரம் இருபது நிமிடம் ஆகியிருந்தது. கணக்கு அவளுடையதுதான். இதய ஸ்கேன் பிரிவின் வாசலில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, சுவர்க் கடிகாரத்தை முறைத்தபடி அதை வருவோர் போவோருக்கெல்லாம் அறிவித்துக்கொண்டிருந்தாள்.

“தலை விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. இதயத்தைப் பார்க்கறதுக்குள்ள தலை போயிடும் போலிருக்கு.”

“நானும்தான் குடிக்கல” என்றார் பக்கத்தில் நின்ற பெரியப்பா.

“உங்களை யாரு குடிக்க வேண்டாம்னது?”

“உன் முன்னால குடிச்சுட்டு நான் உயிரோட இருக்க முடியுமா?”

உள்ளே மருந்து அறையில் இருந்தவளுக்கு இதெல்லாம் கேட்டது. அந்தப் பிரிவின் மருந்தாளர் அவள். பெரியம்மாவின் தங்கை மகள். வீட்டில் அவளைப் பூனை என்பார்கள். வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கும். இத்தனை நாளாக வேலையிடத்துக்குத் தெரியாமல் காப்பாற்றி வைத்திருந்த பெயர் அது. காலையில் பெரியப்பா வந்ததும் வராததுமாக, “எங்க வீட்டுப் பூனை எங்கே?” என்று நர்ஸிடம் கேட்டுவிட்டார். அதிலிருந்து நர்ஸுக்கு வேறு பெயரே வாயில் வரவில்லை.

பெரியம்மாவுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை செய்ய வேண்டும். அதற்கு முன் எடுத்த இதய வரைபடத்தில் ஏதோ ஒரு நெளிவு. இதயத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள், அப்புறம் முட்டியைப் பார்க்கலாம் என்று எலும்பு டாக்டர் திருப்பி அனுப்பிவிட்டார். இதயத்தைச் சோதிக்க ஓடும் பட்டையில் நடக்கவிடுவது வழக்கம். நடக்க முடிந்தால் பெரியம்மா ஏன் முட்டிக்கு வைத்தியம் பார்க்கிறாள்? அப்படிப்பட்டவர்களுக்கு மருந்து உண்டு. அது இதயத்தின் இரத்தக் குழாய்களை விரித்துவிடும். நல்ல குழாய் விரியும், அடைப்புள்ள குழாய் விரியாது. அந்த வித்தியாசம் படத்தில் தெரிந்துவிடும். காபிக்குத் தடை அதனால்தான். மருந்து போய் உட்கார வேண்டிய இடத்தில் காபி முன்கூட்டியே உட்கார்ந்துகொள்ளும். ஊசி போட்டும் போடாதது போலாகிவிடும்.

“ரெண்டு மருந்து இருக்குன்னாங்களே. எதும்மா நல்லது?” என்று பெரியப்பா நர்ஸைக் கேட்டார். அவர் ஓய்வு பெற்ற லிஃப்ட் மெக்கானிக். எந்தப் பொருளையும் இரண்டாவது பொருளோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் வாங்க மாட்டார்.

நர்ஸுக்கு இந்தக் கேள்வி பிடிக்கும். நாற்காலியின் பிரேக்கைப் போட்டுவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

“ரெண்டு பேரும் ஒரே வீட்டு மாப்பிள்ளைங்கதான் ஐயா. மூத்தவரு அடினோசின். வந்தாருன்னா கூடம், சமையலறை, கொல்லைன்னு எல்லாக் கதவையும் தட்டுவாரு. நெஞ்சை அழுத்தும், மூச்சு இரைக்கும், சமயத்துல துடிப்பே கொஞ்சம் நின்னு யோசிக்கும். ஆனா கிளம்புங்கன்னு சொன்னா செருப்பைக்கூடத் தேட மாட்டாரு. சொட்டு மருந்தை நிறுத்தினா சில நொடியில ஆள் காணாமப் போயிடுவாரு.”

“சின்னவரு?”

“ரெகாடெனோசன். ரொம்பப் பதவிசு. எந்த அறைக்கு வந்தாரோ அந்த அறைக்குத்தான் போவாரு. மத்தக் கதவை அவ்வளவாத் தொட மாட்டாரு. அம்மா மாதிரி மூச்சிரைப்பு இருக்கறவங்களுக்கு மூத்தவரு ஆகாது, இவருதான் மேல். ஒரே ஊசி. ஆனா உட்கார்ந்துட்டா லேசுல எழுந்துக்க மாட்டாரு. போகச் சொல்லணும்னா இன்னொரு ஆளை அனுப்பித்தான் கிளப்பணும்.”

“எனக்கு ஒரே மகன். தப்பிச்சேன்” என்றார் பெரியப்பா.

பூனை மருந்து அறையில் தனக்குள் சிரித்துக்கொண்டாள். நர்ஸ் சொன்னதில் தப்பு இல்லை. நாலு வருடம் படித்ததை நாலு வரியில் சொல்லிவிட்டாள். சின்ன மாப்பிள்ளையைப் பற்றி ஒன்றே ஒன்றைத்தான் விட்டுவிட்டாள், அதுவும் அபூர்வமாக நடப்பது என்பதால்.

அந்தப் பிரிவில் ஒரு வழக்கம். நர்ஸ் கேட்ட கேள்விகளையே, மருந்தைக் கையில் எடுப்பதற்கு முன் மருந்தாளரும் ஒருமுறை கேட்க வேண்டும். புதிதாக, ஒன்றும் தெரியாதவர் போல. முதல் தடவை விட்டுப்போனது இரண்டாம் தடவை வந்துவிடும் என்பது அந்தப் பிரிவு டாக்டரின் நம்பிக்கை. சொந்தக்காரரிடம் கேட்கலாமா என்று பூனை தயங்கியபோது, “நல்லதாப் போச்சு. உன்கிட்ட ஒளிக்க மாட்டாங்க” என்றார் அவர். பூனைக்கு அதில் அவ்வளவு நிச்சயம் இல்லை.

அவள் வெளியே வந்து பெரியம்மாவின் எதிரில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டாள். யாருடைய முகத்தையும் நேராகப் பார்த்துப் பேச அவளுக்கு வராது. கைகளைப் பார்த்துத்தான் பேசுவாள். பெரியம்மாவின் கைகள் மருத்துவமனை அங்கியின் நாடாவை நீவிக்கொண்டிருந்தன.

“மூச்சிரைப்பு உண்டா?”

“தெரியாத மாதிரி கேக்கறா பாரு. மழை வந்தா உண்டு.”

“கடைசியா எப்ப வந்துச்சு?”

“போன மாசம். உங்க பெரியப்பா பரண்ல இருந்ததையெல்லாம் இறக்கித் தூசி தட்டினாரு, அன்னிக்கு.”

“பழியை என்மேல போடலைன்னா அவளுக்கு மூச்சு விட்ட மாதிரியே இருக்காது” என்றார் பெரியப்பா பின்னாலிருந்து.

“மருந்து ஏதாவது ஒத்துக்காம போயிருக்கா?”

“இல்ல.”

“வலிப்பு, நினைவு தப்பறது, அந்த மாதிரி?”

நாடாவை நீவிக்கொண்டிருந்த விரல்கள் நின்றன.

“அதெல்லாம் ஒன்னும் இல்ல” என்றாள் பெரியம்மா.

விரல்கள் மறுபடி நீவத் தொடங்கின, முன்னைவிடக் கொஞ்சம் வேகமாக. பெரியப்பா தலையைத் தூக்கிக் கூரையில் ஓடிய குளிர்காற்றுக் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பூனை தலையை ஆட்டிவிட்டு எழுந்து உள்ளே போனாள். மருந்துப் புட்டியைப் பெட்டியிலிருந்து எடுத்தாள். மூடியைக் கழற்றவில்லை. கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

பெரியம்மா வீட்டுக் குளியலறைக்குத் தாழ்ப்பாள் கிடையாது. சின்ன வயதில் தெரியாமல் திறந்துவிட்டு எத்தனை முறை திட்டு வாங்கியிருப்பாள். ஊரில் உள்ள லிஃப்ட் கதவையெல்லாம் சரி செய்கிற மனுஷனுக்கு வீட்டுத் தாழ்ப்பாளைச் சரி செய்ய நேரமில்லை என்று உறவில் எல்லாரும் கேலி செய்வார்கள். பெரியம்மா ஏணியில் ஏறியதில்லை. ஆற்றுக்குப் போனால் படியில் உட்கார்ந்து காலை மட்டும் நனைப்பாள். சைக்கிள் கற்றுக்கொள்ளவில்லை. தனித்தனியாகக் கேட்டால் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் வைத்திருப்பாள். எல்லாவற்றையும் ஒரே வரிசையில் நிறுத்திப் பார்க்க இதுவரை யாருக்கும் தேவைப்பட்டதில்லை.

நர்ஸ் விட்டுவிட்ட விஷயம் இதுதான்: முன்பு வலிப்பு வந்தவர்களுக்குச் சின்ன மாப்பிள்ளை அதைத் தட்டி எழுப்பிவிடலாம். மூத்தவர் மீதும் அந்தப் புகார் உண்டு, ஆனால் அவர் நிறுத்தினால் போய்விடுவார். சின்னவர் போக மாட்டார். அவரைக் கிளப்ப அனுப்பும் மாற்று மருந்து இருக்கிறதே, அது வலிப்பை இன்னும் கிளறிவிடும். கதவைத் திறந்து உள்ளே விட்டால் விட்டதுதான்.

“என்ன பூனை, மருந்தை மோந்து பாத்துக்கிட்டு நிக்கற? டாக்டர் கையைக் கழுவிட்டாரு” என்று நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

பூனை ஏதோ சொன்னாள்.

“சத்தமா சொல்லு தாயே.”

“பெரியப்பாவைக் கொஞ்ச நேரம் வெளிய கூட்டிட்டுப் போறீங்களா? அந்த மூணாவது லிஃப்ட் கத்துதுன்னு சொல்லிக்கிட்டே இருப்பீங்களே. அதைக் காட்டுங்க.”

நர்ஸ் அவள் கையிலிருந்த மூடி கழற்றாத புட்டியைப் பார்த்தாள். அவள் முகத்தைப் பார்த்தாள். நேராக வெளியே போய், “ஐயா, உங்க மாதிரி ஆளுக்காகத்தான் ஒரு லிஃப்ட் மாசக்கணக்கா அழுதுகிட்டிருக்கு, வாங்க” என்றாள்.

“நான் வர்ற வரைக்கும் ஊசி போட்டுட மாட்டாங்களே?” என்று கேட்டார் பெரியப்பா.

“மாட்டாங்க.”

“கண்டிப்பா?”

“பூனைமேல சத்தியமா.”

அவர்கள் திருப்பத்தில் மறைந்ததும் பூனை நாற்காலியை மருந்து அறைக்குள் தள்ளிக்கொண்டு வந்து கதவைச் சாத்தினாள். இந்தத் தடவை முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும் என்று முடிவு செய்திருந்தாள். காது வரைக்கும் சூடேறியது.

“பெரியம்மா, இப்ப நான் கேக்கறது ஊசிக்காக. குடும்பத்துக்காக இல்ல. இந்த அறையைத் தாண்டி டாக்டர் காதுக்குத்தான் போகும்.”

“என்னத்தைக் கேக்கப் போற?”

“முன்னால வலிப்பு வந்தவங்களுக்கு இந்த ஊசி போட்டா திரும்ப வரலாம். அபூர்வம்தான். ஆனா வந்துட்டா ஊசியைத் திரும்ப எடுக்க முடியாது. வழக்கமா இதை முறிக்கற மருந்தும் அப்பக் கைகொடுக்காது.”

பெரியம்மா அலமாரியில் வரிசையாக இருந்த புட்டிகளைப் படிப்பது போலப் பார்த்தாள். கண்ணாடி போடாமல் அவளால் எதையும் படிக்க முடியாது.

“எத்தனை வருஷத்துக்கு முன்னால வந்திருந்தா?”

“எத்தனை வருஷமானாலும்.”

“யாருக்கோ வந்ததைக் கேக்கறேன்னு வெச்சுக்கயேன்.”

“வெச்சுக்கறேன்.”

“அந்த யாரோவுக்குப் பத்து வயசுல ஆரம்பிச்சு, இருபத்தேழுல சுத்தமா நின்னு போச்சுன்னா?”

“அப்பவும்தான் பெரியம்மா. அந்த யாரோ மாத்திரை சாப்பிட்டாங்களா?”

“சாப்பிட்டா. தலைவலி மாத்திரைன்னு சொல்லிச் சாப்பிட்டா. அவங்க அம்மா மாசாமாசம் வாங்கிக் குடுத்தனுப்புவாங்க. அப்புறம் டாக்டரே கொஞ்சம் கொஞ்சமா நிறுத்திட்டாரு.”

“எங்கம்மாவுக்குத் தெரியுமா?”

“ஆரம்பிச்சப்ப அவ ஆறு வயசுக் குழந்தை. அப்புறமும் வீட்டுல அவளுக்குத் தெரியாமத்தான் வெச்சிருந்தாங்க.”

“அந்த யாரோவோட வீட்டுக்காரருக்கு?”

பெரியம்மா சட்டென்று அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். “தெரியாது. தெரியவும் கூடாது. பொண்ணு பார்க்க வந்தப்ப மறைச்சது எங்கப்பாம்மா. அதுக்கப்புறம் மறைச்சது நான். முதல் வருஷமே சொல்லியிருக்கலாம். பயம். ரெண்டாவது வருஷம் சொன்னா, ஏன் முதல் வருஷம் சொல்லலைன்னு கேப்பாரு. இப்படியே முப்பத்தாறு வருஷமாயிடுச்சுடி. இனிமே போய் என்னன்னு ஆரம்பிக்கறது? என்னை ஏமாத்திட்டியேன்னு அந்த மனுஷன் ஒரு பார்வை பாத்தா, எனக்கு முட்டியும் வேண்டாம் ஒன்னும் வேண்டாம்.”

“டாக்டர்கிட்ட மட்டும் சொல்றேன்.”

“உங்க பெரியப்பா மூஞ்சியைப் பாத்து உனக்குப் பொய் சொல்ல வராதே.”

“நான்தான் யார் மூஞ்சியையும் பாக்க மாட்டேனே.”

பெரியம்மாவுக்கு அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்துவிட்டது. மூக்கை அங்கியின் தோள்பட்டையில் துடைத்துக்கொண்டாள். பூனை புட்டியை மறுபடி பெட்டிக்குள் வைத்தாள்.

டாக்டர் நின்றபடியே கேட்டுக்கொண்டார். கேட்டு முடித்ததும் பெரிதாக மூச்சு விட்டார்.

“நல்ல வேளை. ஊசிக்கு முன்னால சொன்னாங்க. அப்ப ரெண்டு மாப்பிள்ளையும் வேண்டாம். டொபுட்டமின் எடுத்துக்கலாம். அவரு இந்தக் குடும்பமே இல்ல.”

“காரணம் வெளிய சொல்லணுமா சார்?”

“அவங்க சொன்னா சொல்லட்டும். நம்ம வாய்க்குப் பூட்டு.”

டொபுட்டமின் குழாயை விரிக்காது. இதயத்தையே ஓட வைக்கும். மூச்சிரைப்புக்கும் தொந்தரவில்லை. சொட்டுச் சொட்டாக ஏற்றி, துடிப்பு போதுமான அளவுக்கு வந்ததும் படத்துக்கான மருந்தைச் செலுத்த வேண்டும். பெரியம்மா விஷயத்தில் தடை எதுவும் இல்லையா என்று டாக்டர் வரைபடத்தையும் அவள் சாப்பிடும் மாத்திரைகளையும் இன்னொரு முறை பார்த்தார். இல்லை.

பெரியப்பா விரலில் கிரீஸுடன் திரும்பி வந்தார். “மேல சக்கரத்துல எண்ணெய் வறண்டு போயிருக்கு. ஆளை வரச் சொல்லியிருக்கேன்” என்று தன் வீட்டு லிஃப்டைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார். மருந்தை மாற்றியிருக்கிறோம் என்று டாக்டர் சொன்னதும் கையைத் துடைப்பதை நிறுத்தினார்.

“சரிங்க” என்றார். கையை மறுபடி துடைக்கத் தொடங்கினார்.

டாக்டர் உள்ளே போனதும் பூனையின் பக்கம் நகர்ந்து நின்றார். அவள் அவருடைய செருப்பைப் பார்த்தாள்.

“இப்பக் குடுக்கற மருந்து அவளுக்கு ஒத்துக்குமா? எல்லாத்துக்கும்?”

“ஒத்துக்கும் பெரியப்பா.”

“எல்லாத்துக்கும்தானே?”

“எல்லாத்துக்கும்.”

“அப்ப சரி” என்று சொல்லிவிட்டுச் சுவரோரத்து இருக்கையில் போய் உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்தில் இருக்கை கிறீச்சிட்டது.

சோதனை ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. துடிப்பு தொண்ணூறைத் தாண்டியதும் பெரியம்மா கண்ணை மூடிக்கொண்டாள். நூற்றிருபதில் திறந்தாள்.

“எப்படி இருக்கு?” என்று நர்ஸ் கேட்டாள்.

“மாடிப்படியில ஓடற மாதிரி இருக்கு. முட்டி மட்டும் வலிக்கல. இப்படி ஓடி எத்தனை வருஷமாச்சு.”

“நிறுத்தணுமா?”

“ஓடிக்கறேன் விடு.”

பூனை சொட்டின் வேகத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். சொட்டை நிறுத்திய பிறகு துடிப்பு மெல்ல மெல்ல இறங்கி, காலையில் இருந்த எண்ணுக்கே வந்து நின்றது. அதற்கப்புறம்தான் அவள் சுவரில் சாய்ந்தாள்.

படம் வர மதியமாகிவிட்டது. திரையில் இதயம் வளையல் வளையலாகத் தெரிந்தது. எந்த வளையலிலும் விரிசல் இல்லை. “முட்டி டாக்டரைத் தாராளமா நாள் பாக்கச் சொல்லுங்க” என்றார் டாக்டர். பெரியப்பா அவருக்கு இரண்டு முறை கும்பிடு போட்டார். பிறகு தவறிப்போய் நர்ஸுக்கும் ஒன்று போட்டார்.

ஓய்வறையில் படுக்கையின் தலைப்பக்கத்தை உயர்த்திப் பெரியம்மாவை உட்கார வைத்திருந்தார்கள். பூனை காபி இயந்திரத்திலிருந்து மூன்று காகிதக் கோப்பைகளில் காபி எடுத்துவந்தாள். பெரியம்மா முதல் வாய் குடித்துவிட்டு, கழுவின தண்ணீர் மாதிரி இருக்கிறது என்றாள். கோப்பையைக் கீழே வைக்கவில்லை.

நர்ஸ் உள்ளே வந்து கையில் குத்தியிருந்த ஊசியை எடுத்துப் பஞ்சு வைத்தாள். “இதுல ஒரு வேடிக்கை என்னன்னா, கடைசியாப் போட்ட மருந்துக்குக் காபி தடையே இல்ல. காலையில குடிச்சுட்டே வந்திருக்கலாம்.”

பெரியம்மா பூனையைப் பார்த்தாள். “இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?”

“அப்ப வேற மருந்துதானே பெரியம்மா குடுக்கறதா இருந்தாங்க.”

“என் தலைவலியை யாரு திருப்பித் தருவா?”

நர்ஸ் சிரித்துக்கொண்டே பஞ்சைக் குப்பையில் போட்டுவிட்டுப் போனாள். அறையில் மூன்று பேர் இருந்தார்கள். பெரியப்பா காபியை ஊதி ஊதிக் குடித்தார்.

“ஏன் மாத்துனாங்களாம்?” என்று கேட்டார்.

பூனை தன் கோப்பைக்குள் பார்த்தாள்.

“மூச்சிரைப்புக்காகத்தான். வேற எதுக்கு?” என்றாள் பெரியம்மா.

“மூச்சிரைப்புக்குச் சின்ன மாப்பிள்ளைதான் நல்லவருன்னு நர்ஸம்மா சொன்னாங்களே.”

“அது வேற மூச்சிரைப்பு.”

“ஓ.”

ஸ்கேன் இயந்திரத்தின் ரீங்காரம் அடுத்த அறையிலிருந்து கேட்டது. பூனை மெதுவாக எழுந்தாள். சத்தமில்லாமல் வெளியேறுவது அவளுக்குக் கைவந்த கலை. ஆனால் பெரியம்மா அவள் அங்கியின் நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பெரியப்பா அதைப் பார்த்தார். காலிக் கோப்பையைச் சின்னதாக மடித்தார், இன்னும் சின்னதாக மடித்தார்.

“நீ ஒன்னும் சொல்ல வேண்டாம். நான் கேக்கவும் இல்ல” என்றார். “பூனைகிட்ட சொல்லிட்டன்னு லிஃப்ட்லேருந்து வந்ததுமே தெரிஞ்சுது. மாத்திட்டோம்னு டாக்டர் சொன்னாரு பாரு, அப்பத்தான் எனக்கு மூச்சே வந்துச்சு. நேத்து ராத்திரிதான் பையன் ஃபோன் பண்ணி, அந்த ஊசியைப் பத்தி இருக்கறதையெல்லாம் படிச்சுக் காட்டினான். காலையிலேருந்து வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு நிக்கறேன். நீ சொல்லலைன்னா நான் சொல்லித்தான் ஆகணும். நான் சொன்னா உனக்குத் தெரிஞ்சு போயிடும். அதான், நீயே சொல்லிடணும்னு வேண்டிக்கிட்டே அந்த லிஃப்டை நோண்டிக்கிட்டிருந்தேன்.”

“என்ன தெரிஞ்சு போயிடும்? என்ன பேசறீங்க?” பெரியம்மாவின் குரல் பூனையின் குரலைவிடச் சின்னதாக வந்தது.

பெரியப்பா படுக்கையின் ஓரத்தில் வந்து உட்கார்ந்து, பூனையின் அங்கியைப் பிடித்திருந்த கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

“உனக்கு வலிப்பு வரும்னு எனக்குத் தெரியும்மா. நமக்குக் கல்யாணமான நாலாவது மாசத்துலேருந்து தெரியும்.”